கம்பி வழிப் பந்தயம்

மணலி வேறு, மணலி புதுநகர் வேறு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் மணலியில் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்துக்கொண்டு போனால் புதுநகர் வரும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்துக் கொடுத்து உண்டான ஊர். வெளியூர்க்காரர்கள் பலருக்கு அய்யா வைகுண்டர் கோயில் தேரோட்டத்தை வைத்துத்தான் இந்த ஊரைத் தெரியும். எனக்கு இங்கிருந்த பிரவுசிங் சென்டர்களை வைத்துத் தெரியும். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, புதுநகர் என்று சிஸ்டம் சர்வீஸ் பார்த்துப் பிழைத்தவன் நான். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் வரலாறு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சின்னக் கடைகளின் பின்பக்கம் ஓடிய கார் பந்தயங்களுக்கும் வரலாறு உண்டு. அவை ஓடிய கம்பிகளை இழுத்தவர்களில் ஒருவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நிஜப் பந்தயமும் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வந்த பிறகு அது நின்றுபோனது. சோழவரத்தில் பந்தயம் பார்த்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ‘நீட் ஃபார் ஸ்பீட்’ ஓட்ட வந்தார்கள். தனியாக ஓட்ட யாரும் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவனை முந்த வேண்டும். அதற்கு இரண்டு மெஷினும் ஒன்றோடொன்று பேச வேண்டும். எங்கள் வேலை அங்கே தொடங்கியது.

நான் தொழில் பழகிய காலத்தில் சில கடைகளில் இன்னும் கோஆக்சியல் கேபிள்தான். கேபிள் டிவி ஒயர் மாதிரி கறுப்பாக, மெஷினுக்கு மெஷின் தொடர்ந்து போகும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் முதுகிலும் ஒரு ‘டி’ கனெக்டர். வரிசையின் இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர், கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும். அது கழன்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். கடைசி மெஷினில் உட்கார்ந்த பையன் காலை நீட்டினால் கடை முழுக்க பந்தயம் நின்றுபோகும். யார் கால் பட்டது என்று தேடிக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போவோம்.

அன்றைய விளையாட்டுகள் பேசிய மொழி ஐபிஎக்ஸ். நாவெல் நிறுவனம் அலுவலக நெட்வொர்க்குகளுக்காக உருவாக்கியது. 1993இல் வந்த ‘டூம்’ அதில்தான் ஓடியது. 1997, 98இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் இரண்டாம், மூன்றாம் பாகங்களிலும் அது இருந்தது. அதன் அருமை என்னவென்றால் முகவரி கொடுக்கவே வேண்டாம். விண்டோஸ் 98இன் கன்ட்ரோல் பேனலில் புரோட்டோகாலைச் சேர்த்து, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், கார்டில் பொறித்த எண்ணே முகவரியாகிவிடும். ஒரே ஒரு இடத்தில் காலை வாரும்: ஃபிரேம் டைப். ஒரு மெஷின் 802.2 என்றும் இன்னொன்று 802.3 என்றும் எடுத்துக்கொண்டால், ஒயர் சரி, கார்டு சரி, ஆனாலும் ஒன்றை ஒன்று பார்க்காது. ‘ஆட்டோ’ என்று விட்டால் தானாகச் சரியாகும் என்பார்கள். ஆகாது. எல்லா மெஷினிலும் கையால் ஒன்றுபோல் வைத்துவிடுவதுதான் நல்லது.

இணையம் வழியாக ஓட்டலாமே என்று கேட்பவர்கள் அப்போதும் உண்டு. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்து, சென்னையிலிருந்தே சத்யம் ஆன்லைன் வந்தது. ஆனால் கடைக்கு ஒரு தொலைபேசி இணைப்பு, அதில் ஒரு 56கே மோடம், அதைப் பங்குபோட எல்லா மெஷினும். மின்னஞ்சல் திறக்கவே காத்திருக்க வேண்டும். பந்தயத்துக்கு அது ஏன் ஆகாது என்பதைக் கணக்காகச் சொல்லலாம். 200 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 55 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. டயல்-அப்பில் 300 மில்லி விநாடி தாமதம் சர்வ சாதாரணம். அதற்குள் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். அதாவது என் திரையில் எனக்குப் பக்கத்தில் தெரியும் உன் கார், உன் திரையில் என்னைத் தாண்டி மூன்று நான்கு கார் நீளம் போயிருக்கும்.

அந்தக் காலப் பந்தய விளையாட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு மெஷினும் தன் காரை மட்டுமே உறுதியாக அறியும். எதிராளியின் கார் எங்கே இருக்கும் என்பதை, கடைசியாக வந்த தகவலின் வேகத்தையும் திசையையும் வைத்து ஊகித்து வரையும். நேர்ச்சாலையில் ஊகம் பலிக்கும். வளைவில் பலிக்காது. புதுத் தகவல் வந்து சேர்ந்ததும் கார் சட்டென்று இடம் மாறும். இரண்டு கார் உரசினால் இன்னும் சிக்கல், ஒரு திரையில் மோதியிருக்கும், மறு திரையில் மயிரிழையில் தப்பியிருக்கும். சுடுகிற விளையாட்டில் சற்றே தள்ளிக் குறிவைத்துச் சமாளிக்கலாம். உரசிக்கொண்டே ஓடும் பந்தயத்தில் சமாளிக்க வழியில்லை. ஒரே அறைக்குள் லேன் கம்பியில் தாமதம் ஒரு மில்லி விநாடிகூட வராது. புதுநகர்ப் பையன்கள் உலகத்தோடு ஓட்டாமல் பக்கத்து நாற்காலியோடு ஓட்டியதற்குக் காரணம் இதுதான். அவர்கள் ஓட்டியது நேர்மையான பந்தயம்.

நேர்மையாக இருக்க கம்பி சரியாக இருக்க வேண்டும். கோஆக்சியல் போய் ஹப்பும் எட்டு இழைக் கேபிளும் வந்தபோது, நான் அதிகம் பார்த்த கோளாறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “அண்ணா, ரூம் தெரியுதுண்ணா, ஜாயினும் ஆவுது, ஆனா கார் குதிக்குதுண்ணா” என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ஹப்பில் பச்சை விளக்கு எரியும், பிங் போட்டால் பதில் வரும். எல்லாம் சரி என்று கிளம்பிவிடத் தோன்றும். கிளம்பக் கூடாது. பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறங்களைப் பார்க்க வேண்டும். சரியான வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் நீலத்துக்கு வழிவிட்டுப் பிரிந்து நிற்பது பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும். அவசரத்தில் கிரிம்ப் பண்ணுகிறவர்கள் ஜோடி ஜோடியாக, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால் தொடர்பு கிடைக்கும். ஆனால் தகவல் வாங்கும் 3ஆம், 6ஆம் ஊசிகளுக்கு வேறு வேறு ஜோடியிலிருந்து இழை போயிருக்கும். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு இழைதான் வெளி இரைச்சலைத் தள்ளிவிடும். முறுக்கு ஜோடி மாறிப்போனால் பக்கத்து ஜோடியின் சத்தமே உள்ளே வரும். கேபிள் குட்டையாக இருந்தால் தெரியாது. முன்னறையிலிருந்து பின்னறை வரை இழுத்திருந்தால் தகவல் துண்டுகள் வழியிலேயே கெடும். பிங் சின்னது, தப்பித்துவிடும். விடாமல் பேசும் விளையாட்டு மாட்டிக்கொள்ளும்.

அதற்கு மேல் எங்கள் பக்கத்துக் காற்று. எண்ணூர்க் கடலின் உப்பும் ஆலைப் புகையும் சேர்ந்து, மலிவான பிளக்குகளின் செம்பை ஒரு மழைக்காலத்துக்குள் பச்சையாக்கிவிடும். ரிச்சி தெருவில் மூட்டையாக விற்கும் பிளக்கை நான் இந்தக் கடைகளுக்கு வாங்கியதில்லை. பொன் முலாம் பூசியதைத்தான் கேட்டு வாங்குவேன்.

2003இல் நீட் ஃபார் ஸ்பீட் வரிசையில் ‘அன்டர்கிரவுண்ட்’ வந்தது. நியான் விளக்கு, நைட்ரஸ், இரவு நகரம் என்று பையன்கள் அதைப் போல் எதையும் கொண்டாடியதில்லை. ஆனால் அதில் லேன் வசதியே இல்லை. இரண்டு மெஷின் சேர்ந்து ஓட வேண்டுமானால், பக்கத்துப் பக்கத்து நாற்காலியாக இருந்தாலும், இரண்டும் தயாரிப்பாளர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் சர்வருக்குப் போய் அனுமதி வாங்கித் திரும்ப வேண்டும். பர்மா பஜார் திருட்டுக் குறுந்தகடுகளின் ஒரே குறியீட்டு எண்ணை அந்த சர்வர் ஏற்காது. ஏற்றாலும் டயல்-அப்பில் ஓடாது. புதுநகரில் அந்த விளையாட்டு தனியாள் விளையாட்டாகவே முடிந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ‘அன்டர்கிரவுண்ட் 2’இல் லேன் இருந்தது, 2005இன் ‘மோஸ்ட் வான்டெட்’டிலும் இருந்தது. கடைகள் நிரம்பின.

அதே 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாம் சர்வீஸ் பேக் வந்து, ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியிருந்தது. லேன் பந்தயத்தைத் தொடங்கும் மெஷின், ஐஸ் வண்டிக்காரர் தெருவில் மணி அடித்துக்கொண்டு போவதுபோல், நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் ‘இங்கே பந்தயம் இருக்கிறது’ என்று அறிவிக்கும். ஃபயர்வால் அந்த மணியைக் கேட்க விடாது. பட்டியல் காலியாக நிற்கும். கடைக்காரர் கேபிளைக் குற்றம் சொல்வார், பையன்கள் குறுந்தகட்டைக் குற்றம் சொல்வார்கள். விளையாட்டின் பெயரை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. ஒரு மெஷினில் மட்டும் பேட்ச் போட்டிருப்பது, முகவரி 169.254 என்று தானாகப் போய் நிற்பது, இவையும் அடிக்கடி வரும் கோளாறுகள்தான். ஆனால் எல்லாவற்றையும் அந்த அறைக்குள்ளேயே, ஒரு மாலைக்குள் சரிசெய்ய முடிந்தது. ரிப்பேருக்கு வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது, 256 கேபிபிஎஸ். வீடுகளுக்கே இணைப்பு போனதும் கடைகள் மெல்லத் தேய்ந்தன. வீட்டுக்கு வீடு ஓட்ட நினைத்தவர்களுக்கு மோடத்தின் உள்ளே இருக்கும் முகவரி மாற்றம் குறுக்கே நின்றது. ஹமாச்சி போன்ற மென்பொருள் தூரத்து வீடுகளை ஒரே அறைபோல் காட்டித் தந்தது. 2011இல் அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது எனக்கு மறக்க முடியாத ஒரு திருப்பம். புதிய விளையாட்டுகளைத் தாங்காத மெஷின்கள் அவை, பழைய மோஸ்ட் வான்டெட் தாராளமாக ஓடும். இரண்டு மடிக்கணினி, நடுவில் ஒரு கேபிள். பந்தயம் கடையைவிட்டுத் திண்ணைக்கு வந்தது. மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் ஓட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலையாற்று நீர் புதுநகருக்குள் வந்து, தரையில் இருந்த சிபியூக்களை மூழ்கடித்தது. மிச்சமிருந்த கடைகளில் சில அதற்குப் பிறகு திறக்கவில்லை.

வெளியுலகில் அப்போது வேறொரு சாவு நடந்துகொண்டிருந்தது. பல விளையாட்டுகள் ஆளைச் சேர்க்க நம்பியிருந்த கேம்ஸ்பை 2014இல் மூடப்பட்டது. இணையத்தில் மட்டுமே ஓடிய ‘நீட் ஃபார் ஸ்பீட் வேர்ல்ட்’ 2015 ஜூலை 14 அன்று நிறுத்தப்பட்டது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று ‘தி குரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை அணைத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. அதை எதிர்த்து ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனு, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது புதுநகர்ப் பையன்களுக்கு 2004இலேயே கிடைத்திருந்தது: கம்பெனி போனாலும் இரண்டு மெஷின் தாமாகப் பேசிக்கொள்ளும் வசதி. அது இல்லாத அன்டர்கிரவுண்டுக்குக்கூட ஆர்வலர்கள் பிறகு தாங்களே சர்வர் எழுதி உயிர் கொடுத்தார்கள்.

பழைய குறுந்தகடு வைத்திருப்பவர்கள் இன்று ஓட்ட நினைத்தால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வைஃபை, விர்ச்சுவல் அடாப்டர் என்று நாலைந்து இருந்தால் விளையாட்டு தவறான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பட்டியலைக் காலியாகக் காட்டும், கேபிள் போகும் அடாப்டரைத் தவிர மற்றவற்றை முடக்கிவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே ஐபிஎக்ஸ் கிடையாது, 1990களின் விளையாட்டுகளுக்கு ஐபிஎக்ஸ்ராப்பர் என்ற இலவச மென்பொருள் உதவும். மோஸ்ட் வான்டெட் அசல் குறுந்தகட்டின் பூட்டான சேஃப்டிஸ்க்கை விண்டோஸ் 10 ஏற்காது. வீட்டில் எக்ஸ்பி ஓடும் மெஷின் இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள், அதன் சிமாஸ் பேட்டரியை மட்டும் மாற்றிவையுங்கள்.