தாஷ்கந்தில் பாட்டாளி யார்?

பாட்டாளி என்பவன் யார்? இவ்வினாவுக்குக் காரல் மார்க்ஸ் தெளிவான இலக்கணம் ஒன்றை வகுத்தார். உழைக்கும் ஆற்றலைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாதவன். ஆலையும் கருவியும் பிறர் கையிலிருக்க, கூலிக்கு உழைப்பவன். தான் படைத்த மதிப்பில் ஒரு பங்கை முதலாளியிடம் இழப்பவன். இங்கிலாந்தின் ஆலைகளைக் கண்முன் வைத்து எழுந்த இலக்கணம் அது. அங்கே பெரிதும் பொருந்திற்று. அதே அளவுகோல் 1917-ல் மத்திய ஆசியாவின் முஸ்லிம் மக்கள் மீது வைக்கப்பட்டபோது நேர்ந்தது வேறு.

1865-ல் சார் மன்னரின் படை தாஷ்கந்தைக் கைப்பற்றியது. ரஷ்ய ஆலைகளுக்குப் பஞ்சு தேவைப்பட்டது. பர்கானாப் பள்ளத்தாக்கில் தானியம் விளைந்த நிலங்கள் மெல்ல மெல்லப் பருத்திக் காடுகளாயின. உண்ணும் கோதுமை ரஷ்யாவிலிருந்து இரயிலில் வரவேண்டிய நிலை உருவாயிற்று. உழவனுக்குச் சிறு துண்டு நிலம் இருந்தது. ஆனால் விதைப்புக்கு முன்பே அவன் தரகரிடமோ பருத்தி அரைவை ஆலையிடமோ வட்டிக்கு முன்பணம் வாங்கினான். விளைச்சல் களத்துக்கு வருமுன்பே கடனுக்கு ஈடாகிவிடும். மார்க்கம் தடுத்த வட்டி, அவன் வீட்டு வாசலில் அன்றாட வழக்கமாகிவிட்டது.

இரயில்வேயில் பணிபுரிந்தவர்களோ பெரும்பாலும் ரஷ்யர்கள். மாதக் கூலி பெற்றவர்கள், சங்கம் அமைத்தவர்கள். இலக்கணப்படி இவர்களே பாட்டாளிகள். கடனில் மூழ்கிய பருத்தி உழவன், ஏட்டில் ஒரு சிறு உடைமையாளன்!

1917 நவம்பரில் தாஷ்கந்தின் ஆட்சி சோவியத்தின் கைக்கு வந்தது. இணைந்து ஆளலாம் என்று உலமாக்களின் அமைப்பே முன்வந்தது. சோவியத்து மாநாடு அதை மறுத்தது. உள்ளூர் மக்களிடையே பாட்டாளி வர்க்க அமைப்புகள் இல்லை. ஆதலால் உயர் அதிகார அவைகளில் முஸ்லிம்களுக்கு இடமளிக்க இயலாது என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. மக்கள் தொகையில் மிகப் பெரும்பான்மையினரான ஒரு சமூகத்தார் ஒருவர்கூட இல்லாமல் அமைச்சரவை அமைந்தது. சார் ஆட்சியின் இனப் பாகுபாடு வர்க்கம் என்னும் புதிய பெயரோடு தொடர்ந்தது என்றே கூறவேண்டும்.

கோகந்தில் முஸ்லிம்கள் தமக்கெனத் தன்னாட்சி ஒன்றை அறிவித்தனர். 1918 பிப்ரவரியில் தாஷ்கந்துப் படைகள் அதை அழித்தன. நகரம் தீக்கிரையாயிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மழை பொய்த்திருந்தது. உள்நாட்டுப் போரில் ஓரன்பர்க் இரயில் பாதையும் துண்டிக்கப்பட்டது. தானியம் வரவில்லை. பருத்தியை உண்ண முடியுமா? பசியால் மடிந்தவர்களுள் பெரும்பாலோர் உள்ளூர் முஸ்லிம்களே. மாஸ்கோ இப்போக்கை ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதன் வற்புறுத்தலால் 1918-ன் நடுப்பகுதிக்குள் சில முஸ்லிம்கள் ஆட்சியில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான கசாக் இளைஞர் துரார் ரிஸ்குலோவ் பஞ்ச நிவாரணப் பணியை ஏற்று நடத்தினார்.

இந்த அளவுகோலையே கேள்விக்குள்ளாக்கியவர் தாத்தாரிய முஸ்லிமான மிர்சயீத் சுல்தான் கலியேவ். ஆசிரியரின் மகன், தாமும் ஆசிரியர், ஸ்டாலின் தலைமையிலிருந்த தேசிய இன ஆணையகத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். முஸ்லிம் மக்களின் எல்லாப் பிரிவினரும் ஏகாதிபத்தியத்தால் ஒடுக்கப்பட்டவர்கள். எனவே அச்சமூகங்கள் முழுமையும் பாட்டாளிகளே என்று அவர் வாதிட்டார். சுரண்டல் ஆலைக்குள் மட்டுமன்று, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலும் நிகழ்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். பல பத்தாண்டுகளுக்குப் பின் கெய்ரோவில் பிறந்த பொருளியல் அறிஞர் சமீர் அமீன் போன்றோர், சமமற்ற பரிவர்த்தனை என்னும் பெயரில் இதை ஒத்ததொரு கருத்தை விரிவாக ஆராய்ந்தனர்.

ஆயினும் சுல்தான் கலியேவின் வாதத்திலும் ஓட்டை உண்டு. பர்கானாவில் உழவனுக்கு வட்டிக்குக் கொடுத்த தரகர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். சமூகம் முழுவதையும் பாட்டாளி என்றால், கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும் ஒரே வரிசையில் நின்றுவிடுவர். வட்டி வாங்கும் கை எந்த இனத்தது என்று பார்த்தா மார்க்கம் அதைத் தடுத்தது?

மார்க்ஸ் இவ்வளவு இறுக்கமானவராக இருந்தாரா என்பதும் ஐயமே. தாம் விவரித்த வரலாற்றுப் போக்கின் தவிர்க்கவியலாமை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கே உரியது என்று 1881-ல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா சாசுலிச்சுக்கு எழுதிய கடிதத்தில் அவரே வரையறுத்திருந்தார். ஆசானின் எச்சரிக்கையைச் சீடர்கள் மறந்தனர்.

சுல்தான் கலியேவ் 1923-ல் கைது செய்யப்பட்டுக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். சிறையும் முகாமும் கண்டபின் 1940 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, 1938-ல், ரிஸ்குலோவின் கதையும் அவ்வாறே முடிந்திருந்தது. பருத்தி மட்டும் பெருகிக்கொண்டே போயிற்று. கூட்டுப்பண்ணை உழவனாக மாறிய பர்கானாவின் உழைப்பாளி, நகரத் தொழிலாளிக்கு 1930-களிலேயே வழங்கப்பட்ட உள்நாட்டுக் கடவுச்சீட்டைப் பொது உரிமையாகப் பெற 1974-ஆம் ஆண்டின் ஆணை வரை காத்திருக்க நேர்ந்தது.