அடிப்பிடித்தலும் பாத்திரத்தின் அடியும்

பாலும் பாயசமும் கூழும் அடிப்பிடிப்பதற்குப் பாத்திரத்தின் அடியில் சூடு சீராகப் பரவாததே முக்கியக் காரணம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் இடத்தில் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மாவோ பாலின் புரதமோ அடியில் படிந்து ஈரம் வற்றிவிட்டால், அந்த இடம் மட்டும் அந்த அளவைத் தாண்டிக் காய்ந்து கருகும். தகடு மெல்லியதாக இருந்தால், ஓரிடத்தில் விழுந்த சூடு பக்கவாட்டில் பரவ வழியில்லை.

பழைய சமையலறைகள் இதைக் கனத்தால் சமாளித்தன. வார்த்துச் செய்த வெண்கலப் பானையும் உருளியும் மெதுவாகச் சூடேறி, ஏறிய சூட்டைத் தேக்கிவைத்தன. விறகுத் தீ எழுந்து தணிந்தாலும் உள்ளே கொதி நிதானமாக இருந்தது. செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் சூட்டை நன்றாகப் பரப்பின. ஆனால் புளிப்பு பட்டால் களிம்பேறும் என்பதால், அவற்றுக்கு உள்ளே ஈயம் பூச வேண்டியிருந்தது. அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் விட்டால் பூச்சே கெட்டுவிடும்.

1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஏரூவும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறையால் அலுமினியத்தின் விலை சரிந்தது. சென்னை கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார்; 1900இல் அதற்கென்று சென்னையில் ஒரு நிறுவனமும் உருவானது. அலுமினியம் சூட்டைச் சிறப்பாகக் கடத்தும். ஆனாலும் விலையைக் குறைக்கத் தகட்டை மெல்லியதாக்கியபோது அந்த நன்மை பெரும்பாலும் வீணாயிற்று.

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழியில் வந்ததே எவர்சில்வர் பாத்திரம். அதற்கு ஈயம் வேண்டாம். புளியும் மோரும் அதை ஒன்றும் செய்யாது. சூட்டைப் பரப்புவதில்தான் அது மிகவும் பின்தங்கியது. செம்பு அதைவிட ஏறத்தாழ 25 மடங்கும், அலுமினியம் 15 மடங்கும் நன்றாகச் சூட்டைக் கடத்துகின்றன. இந்தக் குறையைப் போக்க அமெரிக்காவின் ரெவெர் நிறுவனம் 1939இல் எவர்சில்வருக்குச் செம்பு அடி கொடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. செம்பு அடிப் பாத்திரம் பின்னாளில் தமிழ்நாட்டு வீடுகளிலும் பரவலாயிற்று.

இண்டக்ஷன் அடுப்பு இந்தத் தீர்வைச் செல்லாததாக்கியது. 1950களின் நடுவில் ஃப்ரிஜிடேர் நிறுவனம், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் இடையே செய்தித்தாளை வைத்தே தண்ணீரைக் கொதிக்கவைத்து மக்களுக்குக் காட்டியது. தீயோ தணலோ இல்லை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே சூட்டைப் பிறப்பிக்கிறது. அதற்கு அடி காந்தம் ஒட்டும் உலோகமாக இருக்க வேண்டும். சாதாரணச் செம்பு அடியும் அலுமினியமும் நிக்கல் கலந்த வழக்கமான எவர்சில்வரும் இதற்கு உதவவில்லை.

மெல்லிய இரும்பு அடியை மட்டும் பொருத்தினாலும் சிக்கல் தீரவில்லை. சூடு பிறப்பது தகட்டின் கீழ்ப்பரப்பில், ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி ஆழத்துக்குள். அதுவும் சுருளின் வடிவத்தைப் பின்பற்றி வளையமாக. ஆகவே குழம்பு வளைய வடிவிலேயே அடிப்பிடிக்கிறது. மலிவான அடுப்புகள் குறைந்த சூட்டிலும் மின்சாரத்தை உண்மையில் குறைப்பதில்லை. அதிக ஆற்றலைச் சில நொடிகள் கொடுத்து, சில நொடிகள் நிறுத்துகின்றன. கனமான அடி இந்த ஏற்றத்தாழ்வை உள்வாங்கிக்கொள்ளும். மெல்லிய அடி அதை அப்படியே உணவுக்குக் கடத்திவிடும்.

இதை முதல் தயாரிப்பாளர்களே அறிந்திருந்தனர். வெஸ்டிங்ஹவுஸ் 1971இல் ஹூஸ்டன் கண்காட்சியில் தன் இண்டக்ஷன் அடுப்பை வைத்தது. 1973 முதல் 1975 வரை தயாரித்த நான்கு அடுப்பு மாதிரியை 1,500 டாலருக்கு விற்றபோது, அதனுடன் தகுந்த பாத்திரங்களையும் சேர்த்தே கொடுத்தது. அவை எவர்சில்வர், கார்பன் எஃகு, அலுமினியம், மீண்டும் எவர்சில்வர் என்று நான்கு அடுக்குகள் கொண்டவை. காந்தத்துக்கு எஃகு, பரப்புவதற்கு அலுமினியம், உணவு படும் பக்கத்துக்கு எவர்சில்வர் என்று வேலை பிரிந்தது. அதே 1971இல் பென்சில்வேனியாவில் ஜான் உலம் தொடங்கிய ஆல்-கிளாட் நிறுவனமும் ஒட்டுத் தகடுகளிலிருந்து பாத்திரங்கள் செய்தது. இன்று கடைகளில் 'ட்ரை-ப்ளை' என்றும் 'சாண்ட்விச் அடி' என்றும் கிடைப்பவை இதே முறையில் அமைந்தவை.

மெல்லிய பாத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், கனம் செய்யும் வேலையைச் சமைப்பவர் செய்ய வேண்டும். முதலில் சிறிது தண்ணீர் விட்டு, குறைந்த சூட்டில் தொடங்கி, கெட்டிப்படும் பண்டத்தை அடிவரை துழாவிக்கொண்டே இருந்தால் படிவு தங்காது. பாலையும் மாவுக் கலவையையும் தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்சினால், சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கருகவும் வாய்ப்பில்லை.