கோதுமை வயலும் களைக்கொல்லியும்

மார்கழி பிறந்ததும் டில்லிக் காய்கறிச் சந்தைகளில் பத்துவா என்னும் கீரை வந்து குவிவதைத் தலைநகரில் வாழும் தமிழர் கண்டிருப்பர். நம் நாட்டில் சக்கரவர்த்திக் கீரை என்று வழங்குவதும் இச்செடியே. அங்கே மசியலாகும் கீரை இங்கே ரொட்டி மாவிலும் தயிரிலும் கலக்கிறது. ஆனால் வேளாண்மை நூல்கள் இதனைக் கீரை என்று போற்றுவதில்லை. கோதுமைப் பயிரைக் கெடுக்கும் முதன்மையான களைகளுள் ஒன்று என்றே குறிக்கின்றன. இத்தகைய அகன்ற இலைச் செடிகளை அழிப்பதற்கென ஒரு மருந்து கடல் கடந்து வந்து, டில்லியைச் சூழ்ந்த வயல்களில் நிலைபெற்றுவிட்டது. குளோரின் சேர்ந்த அந்தக் களைக்கொல்லிக்கு 2,4-டி என்று பெயர். அது வந்த வழியையும், மண்ணிலும் நீரிலும் உடலிலும் அது நடந்துகொள்ளும் முறையையும் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

களையெடுப்பது தொன்றுதொட்டுக் கையால் செய்யும் வேலை; பெரும்பாலும் பெண்களின் வேலை. தெற்கே களைக்கொத்து என்றால் வடக்கே குர்ப்பி. பிடுங்கிய களையுள் மாட்டுக்கு ஆவது மாட்டுக்கும், மனிதர்க்கு ஆவது உலைக்கும் போகும். இந்நாட்டில் களையை இரசாயனத்தால் அழிக்கும் முயற்சி 1937ஆம் ஆண்டில் பஞ்சாபில் தொடங்கிற்று என்பர். முள் நிறைந்த காட்டுக் குசும்பாவை ஒழிக்கச் சோடியம் ஆர்செனைட்டைத் தெளித்துப் பார்த்தனர். ஆர்செனிக்கோ பயிர், களை, கால்நடை, மனிதன் என்று வேறுபாடு பாராத நஞ்சு. அது பரவாமற்போனதில் வியப்பில்லை.

2,4-டியின் பிறப்பு வேறு வகையானது. 1941ஆம் ஆண்டில் போகோர்னி என்னும் அமெரிக்க வேதியியலார் அதனை ஆக்கிய முறையை வெளியிட்டார். அது களையைக் கொல்லும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. அடுத்த ஆண்டு சிம்மர்மன், ஹிட்ச்காக் என்னும் இருவர், செடியின் வளர்ச்சியைத் தூண்டும் இயற்கைப் பொருளைப் போலவே இது செயற்படுவதைக் கண்டனர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பகைவரின் பயிரை அழிக்க இதனைப் பயன்படுத்தலாமா என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மறைவாக ஆராய்ந்தனர். போர் முடிந்த 1945இல் மருந்து கடைக்கு வந்தது. 1946இலேயே இந்தியாவில் சோதனைக்கும் வந்துவிட்டது.

இம்மருந்து செடியைப் பட்டினி போட்டுக் கொல்வதன்று; வரம்பின்றி வளரச் செய்து கொல்வது. தண்டு முறுக்கிக்கொள்ளும்; இலை சுருளும்; நீரும் உணவும் செல்லும் குழாய்கள் சிதையும். சில நாட்களில் செடி சாயும். ஆனால் கோதுமை, நெல், கரும்பு முதலிய புல்லினப் பயிர்கள் உரிய பருவத்தில் தெளித்தால் தப்பிவிடும். ஒரே தெளிப்பில் களை சாய, பயிர் நிற்கும் என்ற இந்தச் செய்தியே உழவரைக் கவர்ந்தது.

எனினும் கவர்ச்சி உடனே பயன்பாடாக மாறவில்லை. 1952இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கவுன்சில் பல மாநிலங்களில் நெல், கோதுமை, கரும்பு வயல்களில் களைக்கொல்லிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. கூலி மலிவாக இருந்த அந்நாளில் மருந்துக்குப் பணம் கொடுப்பார் சிலரே. மேலும், வடநாட்டு உழவர் கோதுமையோடு கடலையையும் கடுகையும் கலந்து விதைப்பது வழக்கம். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. அத்தகைய வயலில் 2,4-டி தெளித்தால் களையோடு கடலையும் கடுகும் மடியும்.

இக்கணக்கை மாற்றியது குட்டைக் கோதுமை. அக்கதையில் தமிழர் இருவரின் பங்கு பெரிது. பொள்ளாச்சிப் பக்கத்தவரான சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். டில்லியின் வடமேற்கே ஜௌந்தி என்னும் சிற்றூர் புதிய வித்தைப் பெருக்கும் ஊராயிற்று. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறங்கிற்று. பழைய நெட்டைக் கோதுமை தன் நிழலாலேயே களையை ஓரளவு அடக்கி வைத்திருந்தது. புதிய கோதுமை குட்டையானது. அதற்கென இட்ட உரத்தையும் பாய்ச்சிய நீரையும் களையும் பங்கிட்டுக்கொண்டது. உழவர் களைக்கொல்லியை நாடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் கோதுமை நாட்டின் பசியைத் தணித்தது என்பதை மறுக்க நமக்கு மனம் இல்லை.

ஆனால் அதே சுவாமிநாதன் 1968 ஜனவரியில் வாராணசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே ஓர் எச்சரிக்கையையும் விடுத்தார். பூச்சிகொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தினால் இயற்கையின் சமநிலை குலையும், தானியத்தில் தங்கும் நஞ்சினால் நோய் பெருகும் என்பது அதன் சாரம். புரட்சிக்குப் பசுமை என்ற பெயர் சூட்டப்படுவதற்கு முன்னரே அதன் முன்னோடி ஒருவர் இவ்வாறு கூறினார் என்பதைப் பலரும் நினைவில் வைப்பதில்லை.

மருந்து தன் வேலையைச் செய்தது. அதன் பின் நடந்ததுதான் விந்தை. அகன்ற இலைக் களைகள் விலகிய இடத்தை, 2,4-டிக்கு மசியாத ஒரு புல் பிடித்துக்கொண்டது. ஹரியானாவில் மண்டூசி என்றும் வேறு சில இடங்களில் குல்லி டண்டா என்றும் அதனை அழைப்பர். இளமையில் அது கோதுமைப் பயிரைப் போலவே தோன்றும். கைதேர்ந்தவர்க்கன்றிப் பிரித்தறிதல் அரிது. அதற்கென ஐசோபுரோட்டுரான் என்னும் வேறு மருந்து வந்தது. 1990களில் ஹரியானாவில் அப்புல் அம்மருந்தையும் தாங்கி வளரக் கற்றுக்கொண்டது. கலப்பு விதைப்போ பெரும்பாலும் மறைந்தது. இத்தனைக்கும் இடையில் பூசா நிலையத்தாரே பத்துவாவில் ஒரு சிறந்த வகையைக் கீரைப் பயிராக வெளியிட்டிருக்கின்றனர். களையென்பது செடியின் குணமன்று, இடத்தைப் பொறுத்த பெயர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, தெளித்த நஞ்சு எங்கே போகிறது என்று காண்போம். குளோரின் சேர்ந்த மருந்து என்றதும் டில்லிவாசிகளுக்கு டி.டி.டி. நினைவுக்கு வரும். மலேரியா ஒழிப்புக்காக அரசினர் 1954இல் நிறுவிய இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் டில்லியிலேயே அதனை உற்பத்தி செய்தது. டி.டி.டி. கொழுப்பில் கரைந்து ஆண்டுக்கணக்கில் தங்கும். 1965இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்த ஆய்வொன்று, டில்லி மக்களின் உடற்கொழுப்பில் பத்து லட்சத்துக்குச் சராசரி 26 பங்கு அளவில் அது இருந்ததாகக் கூறியது. அந்நாளில் உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளுள் அதுவும் ஒன்று.

2,4-டியின் இயல்பு அதற்கு மாறானது. குளோரின் இரண்டிலும் உண்டு, நடத்தை ஒன்றன்று. வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதனை உண்டு, ஒன்றிரண்டு வாரங்களில் பாதியாகக் குறைத்துவிடும். குளிரிலும் வறட்சியிலும் தாமதம் ஆகும். காற்றோட்டமற்ற சேற்று நீரில் இன்னும் நெடுநாள் கிடக்கும். உடலிற் சென்றதில் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரோடு வெளியேறும். கொழுப்பில் குடியிருப்பதில்லை.

அதனால் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. அது விரைவில் அழிவது போலவே விரைவில் நகரவும் வல்லது. மண்ணோடு இறுகப் பற்றாமையால் தெளித்த மறுநாள் பெருமழை பெய்தால் வாய்க்காலை நோக்கிச் செல்லும். எஸ்டர் என்னும் வடிவத்தில் அது ஆவியாகியும் பறக்கும். அடுத்த நிலத்தின் பருத்தி, தக்காளி, கடுகு இவற்றின் இலைகள் சுருண்ட பின்னரே அயலார்க்குத் தெரியவரும். மீன்களுக்கும் எஸ்டரே கொடியது. உப்பு வடிவங்கள் கண்ணில் பட்டால் கடும் புண் உண்டாகும். மிகுதியாக உட்கொண்டார்க்கு மாற்று மருந்தென்று தனியாக ஒன்றும் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இதனைப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என ஐயுறத்தக்க பொருள்களின் வரிசையில் வைத்தது. உறுதியான சான்று என்று அம்முகமை சொல்லவில்லை. அச்சமில்லை என்றும் சொல்லவில்லை.

வியட்நாமில் அமெரிக்கப் படையினர் காடுகள்மீது பொழிந்த நஞ்சில் 2,4-டியும் ஒரு பாதியாக இருந்தது. ஆயினும் அங்கு விளைந்த பெருங்கேட்டிற்கு முதற்காரணமாகக் கருதப்படுவது மறுபாதியான 2,4,5-டியில் கலந்திருந்த டையாக்சின். அந்த 2,4,5-டிக்கு இந்தியாவில் பதிவு மறுக்கப்பட்டது. பதிவு செய்யும் அதிகாரமே ஒரு துயரத்தின் வழியாகப் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அந்நாளைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவால் செய்த பண்டங்களை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவுடன் ஒரே கப்பலில் ஏற்றப்பட்ட பாலிடால் என்னும் பூச்சிமருந்து கசிந்து மூட்டைகளில் கலந்திருந்தது. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1968இல், பூச்சிகொல்லிச் சட்டம் நிறைவேறிற்று.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு அச்சட்டத்தின் பெயரே ஒரு சிக்கல். பூச்சிகொல்லி என்றே தலைப்பு. ஆனால் களைக்கொல்லியும் பூசணக்கொல்லியும் அதன் பட்டியலுள் அடங்கும். தலைப்பை மட்டும் படிக்கும் உழவர், களை மருந்துக்குச் சட்டமே இல்லை என்று கருதினால் அவரைக் குறை கூற இயலுமா?

அச்சட்டத்தின்கீழ், பல மருந்துகளை மறுபரிசீலனை செய்ய 2013இல் ஒரு குழு அமைந்தது. 2020 மே மாதம் மத்திய வேளாண்மை அமைச்சகம் வெளியிட்ட வரைவு ஆணையில், தடை செய்யக் கருதிய 27 மருந்துகளுள் 2,4-டியும் இடம்பெற்றிருந்தது. 2023இல் வந்த இறுதி ஆணை அவற்றுள் மிகச் சிலவற்றையே தடை செய்தது. 2,4-டி அவற்றுள் இல்லை. ஆதலின் அது கடைகளில் தொடர்கிறது. கோதுமை விதைத்து ஏறத்தாழ ஐந்தாம் வாரத்தில், பத்துவாவும் கொழுந்து விட்டிருக்கும் பருவத்தில், அது தெளிக்கப்படுகிறது. வயலோரத்தில் கீரை கிள்ள வரும் பெண்ணுக்கு, அன்று தெளித்த வயல் எது என்று சொல்லும் பலகை ஒன்றாவது நடப்பட வேண்டும் என்பதே நம் கருத்து.