கோப்பைக் காலி செய்தல் (சி மொழி)

ஒரு கோப்பின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருப்பதை மட்டும் துடைத்து, நீளத்தை 0 பைட்டுக்குக் கொண்டுவருவதே கோப்பைக் காலி செய்தல். இதற்கென்று சி மொழித் தரத்தில் தனிச் செயற்கூறு கிடையாது. 'எஃப்ஓப்பன்' செயற்கூறில் கோப்பின் பெயரையும் 'டபிள்யூ' என்ற ஓரெழுத்துத் திறப்பு முறையையும் கொடுத்துத் திறந்து, 'எஃப்குளோஸ்' கொண்டு மூடினால் போதும். ஓர் எழுத்துகூட எழுத வேண்டியதில்லை.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். எழுதத் தொடங்கும்போது அல்ல, திறக்கும்போதே பழையது போய்விடுகிறது. யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் 'எஃப்ஓப்பன்' உள்ளுக்குள் 'ஓப்பன்' என்ற கெர்னல் அழைப்பை விடுக்கிறது. 'டபிள்யூ' அதில் 'ஓ டிரங்க்' என்னும் கொடியாகச் சேர்கிறது. நிரலின் கைக்குக் கோப்புச் சுட்டு வரும்போது நீளம் ஏற்கெனவே 0. அடுத்த வரியிலேயே நிரல் முறிந்தாலும் பழைய உள்ளடக்கம் திரும்பாது. 'டபிள்யூ பிளஸ்' முறையில் வாசிக்கவும் இடமுண்டு என்று நம்பித் திறப்பவர்கள் உண்டு. இடமுண்டுதான், வாசிக்கத்தான் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

'ஆர் பிளஸ்' எதையும் அழிக்காது, மேலே எழுதும். அதில் வேறு சிக்கல். கோப்பில் 1000 என்ற நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. திறந்ததும் தொடக்கத்தில் 75 என்று எழுதி மூடினால் கோப்பில் இருப்பது 75 அல்ல, 7500. பாக்கித் தொகையை இப்படிச் சேமிக்கும் நிரலை நினைத்துப் பாருங்கள். 'ஏ' முறை இருப்பதன் வாலில் சேர்ப்பதோடு சரி. 2011-இல் வந்த சி11 தரம் 'டபிள்யூ எக்ஸ்' முறையைச் சேர்த்தது: அந்தப் பெயரில் கோப்பு முன்பே இருந்தால் திறப்பு தோற்கும், உள்ளே இருப்பது தப்பும்.

இன்னொரு நிரல் திறந்து வைத்திருக்கும் பதிவுக் கோப்பைக் காலி செய்வது தனிக் கதை. அந்த நிரல் 'டபிள்யூ' முறையில் திறந்து 5000 பைட் எழுதியிருந்தால், இடையில் நாம் காலி செய்தது அதற்குத் தெரியாது. யுனிக்ஸில் அடுத்த வரியையும் 5000-ஆவது இடத்திலிருந்தே எழுதும். முன்னால் 5000 சுழிய பைட்டுகள் கொண்ட வெற்றிடம் நிற்கும். 'ஏ' முறையில் திறந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் அப்போதைய முடிவுக்கே போவதால் இந்தத் தொல்லை இல்லை.

காலி செய்வதும் 'ரிமூவ்' கொண்டு நீக்குவதும் ஒன்றல்ல. யுனிக்ஸில் காலியான கோப்பின் ஐநோடு, உரிமையாளர், அனுமதிகள் எல்லாம் முன்பு போலவே இருக்கும். வட்டில் பழைய தரவு உடனே மாய்ந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. விடுபட்ட இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அது கிடக்கலாம். பாதியை மட்டும் வெட்ட வேண்டுமானால் போசிக்ஸ் தரத்தின் 'எஃப்டிரங்கேட்' வேண்டும்.

அனுமதி இல்லாதபோது 'எஃப்ஓப்பன்' வெற்றுச் சுட்டைத் தரும். அதைச் சோதிக்காமல் 'எஃப்குளோஸ்' செய்யக் கூடாது. உள்ளடக்கத்தை மாற்றுவதுதான் நோக்கம் என்றால், அனுபவசாலிகள் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, 'ரீநேம்' கொண்டு அதைப் பழைய பெயருக்கு மாற்றுவார்கள். போசிக்ஸ் முறைமைகளில் இந்த மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். விண்டோஸின் 'ரீநேம்', அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் மறுத்துவிடும்.