பெயர் அறியப்படாதிருந்த பெருமீன்

ஹரித்துவாரத்துப் படித்துறைகளில் நின்று கங்கை மீன்களுக்கு மாவுருண்டை இட்ட அனுபவம் வடநாட்டில் வாழும் நம்மவர் பலருக்கு உண்டு. தடித்த உதடும் அகன்ற செதிலும் கொண்டு அங்கே திரண்டு வரும் பெரிய மீன்களை மகசீர் என்பர். கெண்டைக் குலத்தைச் சேர்ந்தது அது. நம் ஊர்க் குளத்துக் கெண்டைக்குத் தமையன் முறை என்று சொல்லலாம். இமயத்து ஆறுகளில் மட்டுமன்றித் தென்னாட்டு ஆறுகளிலும் மகசீர் இனங்கள் உள. அவற்றுள் உடற்பெருமையில் பேர்போனது காவிரியின் கூன்முதுகு மகசீர். அதன் வரலாறு விந்தையானது. கடல் கடந்த நாடுகளிலும் புகழ் பெற்றிருந்த அம்மீனுக்கு உரிய விஞ்ஞானப் பெயர் இன்னதென்று நூறாண்டுகளுக்கு மேலாக ஒருவருக்கும் தெரியாதிருந்தது. அவ்வறியாமை மீனுக்கே கேடாய் முடிந்தது.

புகழைப் பரப்பியவர் சென்னை ராஜதானியின் சிவில் உத்தியோகஸ்தர் ஹென்றி சல்லிவன் தாமஸ் துரை. 1873இல் மங்களூரில் அச்சாகி வெளிவந்த 'தி ராட் இன் இந்தியா' என்னும் தூண்டில் நூலில், தம் நாட்டார் போற்றும் சால்மன் மீனைவிட மகசீரே தூண்டிற்காரனுக்குச் சரியான எதிராளி என்று அவர் வாதிட்டார். வேட்டை விருப்பினர்தாம், எனினும் ஆற்றில் நஞ்சு கலப்பதையும் குஞ்சுகளை வாரி அழிப்பதையும் கண்டு வெதும்பியவர். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1897இல் வந்தது. மகசீர் போன்ற மீனுக்கு அத்தகைய காவல் மிகவும் தேவை. அது மெல்ல வளர்வது. தாய்மை அடையப் பல ஆண்டுகள் செல்லும். மழைக்காலத்துப் புதுவெள்ளத்தில் ஆற்றை எதிர்த்தேறிச் சரளைக்கற்கள் நிறைந்த இடம் தேடி முட்டையிடும். ஒரு மடுவில் ஒரு முறை வெடி வைத்தால் போதும், பல்லாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் அழிந்துபோகும். அணைகளோ மேலேறும் வழியையே அடைத்துவிடுகின்றன.

காவிரியின் துணையாறான கபினியில் 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், விலங்குகளைப் பாடம் செய்வதில் பெயர் பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 120 ராத்தல் எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவனின் எடை என்று எண்ணிப் பார்த்தால் அதன் பருமை விளங்கும்.

பின்னர் வந்த ஆண்டுகளில் அம்மீன் அற்றே போயிற்றென்று பலர் எண்ணினர். 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டிற்காரர் சிலர் காவிரியில் மீண்டும் பெருமீன்களைக் கண்டனர். அதன்பின் கர்நாடகத்தில் பீமேசுவரி, தொட்டமக்களி, காலிபோரே என்னும் ஆற்றங்கரை இடங்களில் முகாம்கள் எழுந்தன. பரிசலில் ஏறிக் கேழ்வரகுக் களியுருண்டையைத் தூண்டிலில் கோத்து வீசுவார்கள். பிடித்த மீனை நிறுத்துக் குறித்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். முன்னர்த் திருட்டு மீன் பிடித்தவர் சிலர் இம்முகாம்களில் கூலி பெற்று வழிகாட்டிகளாயினர். மடுக்களை அவர்களைவிட அறிந்தவர் யார்?

இதற்கிடையே நன்மை கருதிச் செய்த ஒரு காரியம் வினையாயிற்று. மும்பையிலிருந்து புணே செல்லும் நம்மவர் ரயிலில் கடந்து போகும் லோணாவளாவில், டாட்டா மின்சாரக் கம்பெனியின் ஏரிகளை ஒட்டி மகசீர்க் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்று உண்டு. அங்கு வளர்ந்தது கிருஷ்ணைக்குரிய நீலச்செட்டை மகசீர். அக்குஞ்சுகள் காவிரிக்கும் கொண்டுவந்து விடப்பட்டன. மகசீர் எல்லாம் ஒன்றே என்று கருதிய காலம் அது. கருணையால் செய்ததைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. வந்த இனம் தழைத்தது.

உள்ளூர் மீன் என்னவாயிற்று என்பதை வெளிப்படுத்தியது முகாம்களின் கணக்குப் புத்தகமே. 1998 முதல் 2012 வரை காலிபோரேயில் 23,000 மணி நேரத்துக்கு மேல் தூண்டில் வீசி, 6,000க்கு மேற்பட்ட மகசீர்களைப் பிடித்து விட்ட விவரம் அதில் இருந்தது. ஆய்வாளர்கள் அதனை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். நீலச்செட்டை மீன்கள் ஆண்டுக்காண்டு பெருகியிருந்தன. கூன்முதுகு மீன்கள் அருகிக்கொண்டே வந்தன. ஆயினும் கிடைத்தவற்றின் சராசரி எடை கூடிக்கொண்டே போயிற்று. எடை கூடியது நல்ல அறிகுறியன்றோ எனலாம். அன்று. முதியவை மட்டும் எஞ்ச, இளையவை தோன்றாமற் போனதையே அது காட்டுகிறது. குழந்தையில்லாத வீட்டில் சராசரி வயது உயர்வது போலத்தான்.

அதற்குள் கணக்கே நின்றுவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துள் தூண்டில் வீசுவதும் வேட்டையே என்று கொள்ளப்பட, 2012க்குள் முகாம்களில் மீன்பிடி முடிவுற்றது. சட்டத்தின் நோக்கம் நன்றே. ஆனால் ஆற்றில் நாள்தோறும் கண் வைத்திருந்தவர்களும் அதனோடு அகன்றனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

பெயர் கிடைத்தது 2018இல். கேரளத்துச் சின்னாறு சரணாலயத்தில் ஓடும் பாம்பாற்றில் கண்டெடுக்கப்பட்டு, 2007இல் 'டார் ரெமாதேவியே' எனப் பெயரிடப்பட்டிருந்த சிறு மகசீரும் காவிரியின் கூன்முதுகனும் ஒன்றே என்று உடலமைப்பாலும் மரபணுவாலும் உறுதி செய்தனர். அப்பெயர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமா தேவி அம்மையாரைச் சிறப்பிக்க வைத்தது. பாம்பாறு அமராவதியிற் சேர்கிறது. அமராவதியோ கரூரையடுத்துக் காவிரியிற் கலக்கிறது. ஆகவே மீன் தன் ஆற்றை விட்டு எங்கும் போய்விடவில்லை. பெயர் தெளிந்த அவ்வாண்டிலேயே, அற்றுப்போகும் அபாயம் மிகக் கடுமையாக உள்ள உயிர்களின் உலகப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. நீலகிரிக்கு வடக்கே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடிப் பவானிசாகரில் விழும் மோயாற்றிலும் அவ்வினம் வாழ்கிறது என்பது அந்த ஆய்விலேயே தெரியவந்தது.