தேவாமிர்தமும் வீட்டு நாயும்

பண்டிகை நாளில் வாலாட்டி நிற்கும் நாய்க்கும் ஒரு துண்டு இனிப்பைப் போடுவது மனித சுபாவம். அந்தத் தயாள குணமே சில சமயம் யமனாகிவிடுகிறது.

1753-ல் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் கொக்கோ மரத்துக்குத் 'தியோப்ரோமா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'தேவர்களின் உணவு' என்று பொருள். 1841-ல் ருஷ்ய ரசாயன அறிஞர் வொஸ்கிரெசென்ஸ்கி அதன் கொட்டையில் ஒரு கசப்புப் பொருளைக் கண்டுபிடித்தார். மரத்தின் பெயரை ஒட்டி அதற்குத் 'தியோப்ரோமின்' என்று பெயராயிற்று. 1873-ல் இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனியார் ஈஸ்டர் பண்டிகைக்குச் சாக்லேட் முட்டை செய்தார்கள். சர்க்கரைப் போர்வைக்குள் அந்தக் கசப்பு, குழந்தைகள் விளையாடும் கூடத்துக்கே வந்துவிட்டது. நாய் படுத்திருப்பதும் அங்கேதானே!

நாம் தின்ற தியோப்ரோமினில் பாதி ஏழெட்டு மணி நேரத்தில் கழிந்துவிடும். நாயின் உடம்பிலோ அதற்குச் சுமார் 17 மணி நேரமாகும். அதற்குள் வாந்தி, படபடப்பு, வலிப்பு என்று வரும். அளவு மிஞ்சினால் உயிரே போகும். பால் கலந்த சாக்லேட்டைவிடக் கறுப்புச் சாக்லேட் கொடியது.

பெயர் வைத்தவர் தேவர்களை நினைத்தார்; விற்றவர்கள் குழந்தைகளை நினைத்தார்கள். நாயை நினைக்க வேண்டியவர்கள் நாம்தான். டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்தக் கண்கள் கெஞ்சினால், ஒரு ரொட்டித் துண்டு போடுங்கள். அதற்கும் அதே வாலை ஆட்டும்.