நூலுக்கு வேண்டிய காற்று

கொடைக்கானலின் மேல்மலையில், மன்னவனூரையும் கவுஞ்சியையும் தாண்டிப் போனால் பூண்டி என்ற கிராமம் வரும். அந்தப் பக்கத்தில் வெள்ளைப்பூண்டுதான் பணம் தரும் பயிர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அது. விளைவிப்பதைக் காட்டிலும் அதைக் காப்பாற்றுவதுதான் சிரமம். மழையும் மூடுபனியும் மாறி மாறி வருகிற மலையல்லவா? ஈரம் ஏறினால் பூண்டு முளைத்துவிடும். அல்லது பூசணம் பிடிக்கும். ஆகையால் தாளோடு கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுகிறார்கள். அதைப் பார்த்த எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. புகை பூண்டுக்கு நல்லது, சரி. அதே கூரையின் கீழ் சமைக்கிறவளின் கண்ணுக்கு?

இந்தக் கேள்வி பூண்டியோடு முடிவதாக இல்லை. அங்கே ஈரம் பகை. பஞ்சாலையிலோ ஈரம்தான் உயிர். காற்று வறண்டால் நூல் அறும், பஞ்சுத் தூசி பறக்கும்.

1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு நல்ல பஞ்சு வராமற் போயிற்று. நம் நாட்டுச் சூரத் பஞ்சு அங்கே போயிற்று. அதன் இழை குட்டை. கஞ்சியோடு சீனக் களிமண்ணும் சேர்த்துப் பாவில் பூசினார்கள். பூச்சு காய்ந்தால் பாவு முறியும். எனவே தறிக்கூடத்திற்குள்ளேயே நீராவியை விட்டார்கள்! நனைந்த உடையோடு நெசவாளிகள் வெளியே பனியில் நடந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சலின் பலனாக 1889-ல் ஒரு சட்டம் வந்தது. எத்தனை டிகிரி வெப்பத்துக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று அது அட்டவணை போட்டது. கூடத்தில் ஈரமானி தொங்க வேண்டும் என்றும் சொல்லிற்று. அதில் இரண்டு வெப்பமானிகள் உண்டு. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், காற்று இனி ஈரம் வாங்காது என்று பொருள். அப்போது மனிதனின் வியர்வையும் உலராது; உடம்புச் சூடும் தணியாது.

இன்று நாம் சுகம் என்று நினைக்கிற ஏர் கண்டிஷனிங்கின் கதையும் இதுதான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து வர்ணங்கள் விலகின. அதைத் திருத்தவே வில்லிஸ் காரியர் தம் முதல் யந்திரத்தை அமைத்தார். 1906-ல் அந்தப் பெயரைச் சூட்டிய ஸ்டூவர்ட் கிராமரும் பஞ்சாலைக்காரர்தான். காகிதமும் நூலும் முந்திக்கொண்டன. மனிதன் பின்னால் வந்தான்.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 15-ஆவது பிரிவில், காற்றை ஈரமாக்கத் தெளிக்கும் தண்ணீர் குடிநீராகவோ நன்கு சுத்தம் செய்ததாகவோ இருக்க வேண்டும் என்று விதித்தது. சின்ன விதிதான். ஆனால் நூலுக்காகத் தெளிக்கிற தண்ணீரை ஒரு மனிதனும் சுவாசிக்கிறான் என்ற ஞாபகம் அதில் இருக்கிறது. எந்த யந்திரம் வாங்கினாலும் அந்த ஞாபகத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்.